கொடையும் படமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியிலே, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டும் இயந்திரமயமாகியும் பிழைப்பிழந்த குடும்பங்கள் மலிந்த அப்பலாச்சிய மலைநாட்டுக்குக் கோடைதோறும் திருச்சபைகளைச் சார்ந்த தொண்டர் குழுக்கள், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள், சுத்தியலும் ரம்பமுமாகச் சென்று, ஒழுகும் கூரையை மாற்றியும், உளுத்த தரைப்பலகையைப் பெயர்த்துப் புதிது பதித்தும், சக்கர நாற்காலியில் வாழும் முதியவருக்குச் சாய்தளம் அமைத்தும், ஒரு வார காலம் உழைத்துத் திரும்புவது நெடுநாளைய வழக்கம். 1969-ஆம் ஆண்டில் டெக்ஸ் எவன்ஸ் என்னும் மெதடிஸ்ட் போதகர் 50 தொண்டர்களைக் கொண்டு, கென்டக்கி மாநிலத்துப் பார்பர்வில் வட்டாரத்தில் நான்கு வீடுகளைச் செப்பனிட்டுத் தொடங்கிய அப்பலாச்சிய சேவைத் திட்டம் இன்று பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. வீடு குளிர் புகாததாக, ஆபத்தில்லாததாக, ஈரம் ஊறாததாக இருக்க வேண்டும் என்பதே அதன் எளிய இலக்கு. இதைப் பழிக்க எவருக்கும் வாய் வராது.

மனத்தை உறுத்துவது வேறொன்று. பழுதுபார்க்கப் புகுந்த வீட்டின் அவலத்தை, அழுகிய குளியலறைத் தரையை, ஒழுங்கற்றுக் கிடக்கும் சமையற்கட்டை, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் முகத்தைக் கைப்பேசியில் பிடித்து, முன்னர் இப்படி, பின்னர் இப்படி என்று இணைத்து உலகெங்கும் பரப்புவது இக்காலத்துத் தொண்டின் அங்கமாகிவிட்டது. 2022 ஜூலை இறுதியில் கிழக்குக் கென்டக்கியில் பெருவெள்ளம் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்துப் பல குடும்பங்களை வீடற்றோராக்கியபின், உதவிக்கு வந்த கைகளைப் போலவே படமெடுத்த கைகளும் பல. தாம் செய்த தொண்டைக் காட்டும்பொருட்டு, பெறுவோரின் வறுமையைக் காட்டலாமா என்பதே கேள்வி. காட்டலாகாது. ஒருவனுடைய கூரையைச் செப்பனிட்டுவிட்டு அவனுடைய மானத்தில் ஓட்டை போடுவது அறமாகாது.

இதற்குப் பிரமாணம் தேடி வெகுதூரம் அலைய வேண்டுவதில்லை. இத்தொண்டர்கள் போற்றும் வேதத்திலேயே, மலைப்பிரசங்கத்தின் ஒரு பகுதி, தர்மத்தை மனிதர் காணும்படி செய்யாதிருக்கப் போதிக்கிறது. அதனினும் நுட்பமானது உபாகமத்தின் 24-ஆம் அதிகாரத்தில் உள்ள விதி: கடன் கொடுத்தவன் அடகு வாங்கச் செல்லும்போது கடனாளியின் வீட்டுக்குள் நுழையலாகாது, வெளியே நிற்க வேண்டும், கடனாளியே எடுத்துவந்து கொடுப்பான். உரிமையுடையவனையே வாசலுக்கு வெளியே நிறுத்திய அறம், உரிமை ஏதுமில்லாத ஆயிரம் கண்களை அடுக்களை வரை அழைத்துச் செல்ல எங்ஙனம் ஒப்பும்? யூத ஞானி மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கொடுப்பவனும் கொள்பவனும் ஒருவரையொருவர் அறியாமலே நிகழும் தர்மத்தை, ஒருவனைத் தன் காலில் நிற்கச் செய்யும் உதவிக்கு அடுத்த படியிலே வைத்தார். கீதையின் 17-ஆம் அத்தியாயம் பிரதிபலன் நாடித் தரும் தானத்தை ராஜஸம் என்று தாழ்த்துகிறது. புகழும் ஒரு பிரதிபலனே. நம் புறநானூற்றில் முடமோசியார் ஆய் வள்ளலை, மறுமைப் பயனுக்காகக்கூட அறத்தை விலைபேசாதவன் என்று போற்றுகிறார். வள்ளுவரோ, இல்லை என்னும் துன்பச்சொல்லை ஏழையைச் சொல்லவிடாமலே ஈவதை நற்குடிப் பிறப்பின் அடையாளமாக்கினார் என்று பொருள் கொள்வாருண்டு. அவன் வாய்திறந்து சொல்லாத அச்சொல்லை இன்று படம் சொல்லிவிடுகிறது. அதுவும் ஒருமுறையன்று, பார்ப்பவர்க்கெல்லாம் ஓயாமல்.

இவ்வவமானம் கற்பனையன்று என்பதற்கு அம்மலைநாட்டின் சரித்திரமே சாட்சி. 1964 ஏப்ரலில் அதிபர் லிண்டன் ஜான்சன், வறுமையை எதிர்த்துத் தாம் தொடுத்த போருக்கு ஆதரவு திரட்டுமுகமாக, கென்டக்கியின் மார்ட்டின் மாவட்டத்தில் வேலையிழந்த மர அறுவைத் தொழிலாளி ஒருவரின் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து பேசிய படம் நாடெங்கும் வெளியாயிற்று. படம் புகழ்பெற்றது, அக்குடும்பத்தின் வறுமை தீர்ந்தபாடில்லை. 1967 செப்டம்பரில், லெச்சர் மாவட்டத்து ஜெரமையா என்னும் சிற்றூரில், நிலக்கரித் தூசி படிந்த தொழிலாளி ஒருவரை அவர் குடியிருந்த வாடகைக் குடிலின் முன்னே படம்பிடித்துக்கொண்டிருந்த கனடாத் திரைப்படக் கலைஞர் ஹியூ ஓ'கானரை, அக்குடிலின் சொந்தக்காரர் சுட்டுக் கொன்றார். கொலை கொலையே, அதற்குச் சமாதானம் கிடையாது. படத்துக்கு இசைந்தவர் அத்தொழிலாளி என்பதையும், சினந்தவர் அவரிடம் வாடகை வாங்கியவர் என்பதையும் மறைக்கலாகாது. எனினும், கொலையாளிக்கு ஊராரிடையே அனுதாபம் பெருகியதும், பத்தாண்டுத் தண்டனை பெற்ற அவர் ஓராண்டிலேயே சிறையினின்று வெளிவந்ததும், எங்கிருந்தோ வந்தவர்கள் தம் ஏழ்மையை எடுத்துச் செல்வதைக் கண்டு அம்மக்கள் எவ்வளவு காலமாக மனம் வெந்திருந்தனர் என்பதை உணர்த்தும். அம்மலைநாட்டிலேயே வளர்ந்த எலிசபெத் பாரெட் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் 'ஸ்ட்ரேஞ்சர் வித் எ கேமரா' என்னும் ஆவணப்படம் எடுத்தார். தாமும் படக்கருவி ஏந்துபவரே என்ற சங்கடத்தை அவர் அதில் ஒளிக்கவில்லை.

நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா, படம் கண்டு இரங்குவோர் அனுப்பும் பணத்தால் இன்னொரு கூரை வேயப்படாதா என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. வள்ளுவரும் ஈதலோடு புகழைச் சேர்த்தே பேசினார் என்றும் அவர்கள் வாதிடலாம். ஆனால் அப்புகழை அவர் பிறர் வாயில் வைத்தாரேயன்றிக் கொடுப்பவன் வாயில் வைக்கவில்லை. கணக்கு வேண்டுமாயின் எத்தனை வீடு, எத்தனை சதுர அடிக் கூரை, எவ்வளவு மரம் என்று எழுதலாம். மாற்றிய உத்தரத்தைப் படமெடுக்கலாம். உத்தரத்துக்கு நாணமில்லை.

மெக்சிகோவுக்குத் தொண்டாற்றக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம், நல்லெண்ணம் ஒன்றையே நம்பி வருவதைவிட வராதிருப்பதே நலம் என்ற கருத்துப்பட 1968-இல் சமூக விமர்சகர் இவான் இலிச் கடிந்து பேசினார். அவ்வளவு கடுமை இங்கு வேண்டியதில்லை. மழை தத்துவம் தெளியும் வரை காத்திராது. தச்சுவேலை அறிந்த மேற்பார்வையாளரோடு தொண்டர்கள் செல்லட்டும், உழைக்கட்டும். ஆனால் குடும்பத்தார் கையெழுத்திட்டு இசைந்துவிட்டார்களே என்னும் கடைசி வாதத்தை மட்டும் ஏற்பதற்கில்லை. விண்ணப்பத்தோடு சேர்த்து நீட்டப்படும் இசைவுத்தாளைக் கூரை ஒழுகும் வீட்டுக்காரி மறுக்கத் துணிவாளா? வேலை முற்றும் முடிந்து, ஏணி இறக்கப்பட்டு, தொண்டர்கள் தம் ஊர் சேர்ந்தபின், மறுத்தாலும் எதையும் இழக்காத நிலையில் அவளைக் கேட்க வேண்டும். அப்போதும் அவள் இசைவாளாயின், எந்தப் படம், யார் கண்ணுக்கு, எவ்வளவு காலம் என்பதையும் அவளே சொல்லட்டும்.