கைக்குத்தான் கட்டு

வயதானவர்களுக்கு மணிக்கட்டு ஒடிந்தால் நம் வீடுகளில் கைக்கு மாவுக்கட்டு போடுவதோடு நிற்பதில்லை, ஆளையே கட்டிப்போட்டுவிடுகிறார்கள். கோயிலுக்குப் போகக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, மாடிப்படிப் பக்கமே தலைகாட்டக் கூடாது. "நீங்க சும்மா உட்காருங்க அத்தை, எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றாள் என் மருமகள். அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அந்த அன்போடுதான் எனக்கு வழக்கு.

வாசல் தெளித்த ஈரத்தில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தவள் நான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்றார்கள். நடமாடியதால்தானே விழுந்தேன் என்பது அவர்கள் கணக்கு. அதில் பாதிதான் சரி. மணிக்கட்டு முறிவு அதிகம் வருவது, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்களுக்கு. அவர்கள் நடையில் வேகம் இருக்கிறது. விழும்போது கை சட்டென்று முன்னே நீண்டு தலையையும் இடுப்பையும் காப்பாற்றிவிடுகிறது. வயது ஏற ஏற நடை தளர்கிறது, கையும் அந்த வேகத்தில் நீள்வதில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்கிறார்கள், இடுப்பெலும்பு முறிகிறது. மணிக்கட்டு முறிந்தவரை உட்கார வைத்தே பழக்கினால், இந்த இரண்டாவது விழுதலுக்குத்தான் அவரைத் தயார் செய்கிறோம்.

டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த மணிக்கட்டு முறிவைப் பற்றி 1814இல் எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். வெறும் கையால் தடவிப் பார்த்தே, முறிவு மூட்டில் இல்லை, அதற்குச் சற்று மேலே முன்கை எலும்பில் இருக்கிறது என்று சொன்னவர் அவர். கை கோணலாகவே கூடிவிட்டாலும் காலப்போக்கில் வலி போய்ப் புழங்க வந்துவிடும் என்றும் எழுதிவைத்தார். எனக்குக் கட்டுப் போட்ட டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: "எலும்பு கூடிடும்மா. விரலும் தோளும் இறுகிப்போகாம பார்த்துக்கறது உங்க பொறுப்பு."

புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றவர்களும் உண்டு. எந்தக் கட்டானாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கட்டு இறுகி விரல் வீங்கினாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்போதே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மாவுக்கட்டு சாதாரணமாக ஐந்தாறு வாரம் இருக்கும். "கட்டுக்கு வெளியே தெரியறதெல்லாம் ஆடணும்மா" என்றாள் பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண். விரல்களை முழுக்க நீட்டி முழுக்க மடக்க வேண்டும். கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். நாள் முழுக்க ஸ்லிங்கில் தொங்கவிட்டே வைத்திருந்தால் ஒடியாத தோளும் சேர்ந்து இறுகிக்கொள்ளும். நான் இதை வீட்டு வேலையோடு சேர்த்துக்கொண்டேன். முறத்தில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு காம்பிலிருந்து இலையை உருவுவதைவிட விரலுக்கு நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பூ கட்டும்போது முதலில் நார் நழுவிக்கொண்டே இருந்தது. சரம் நெருக்கமாக விழத் தொடங்கியபோதுதான் பிடி திரும்புகிறது என்று தெரிந்தது.

கட்டைப் பிரித்த அன்று பார்த்த கை என் கை மாதிரியே இல்லை. தோல் செதில் செதிலாக உரிந்தது. முன்கை இளைத்திருந்தது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப வரவில்லை. தீர்த்தம் வாங்க, கடைக்காரர் தரும் சில்லறையை ஏந்த, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு திருப்பம் வேண்டும். மருமகள் கரண்டியை எடுத்து வைத்தாள். வேண்டாமென்று கையாலேயே சாப்பிட்டேன்; பாதிப் பருக்கை தட்டிலேயே விழுந்தது, பரவாயில்லை. கையை வெந்நீரில் சற்று ஊறவைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பிப் பழக வேண்டும். கொஞ்சம் தெம்பு வந்ததும் சப்பாத்தி மாவு பிசையலாம். ஈரத்துணியை முறுக்கிப் பிழியும் பலம் கடைசியில்தான் வரும். பலருக்கு அதற்கு மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருடம்கூட.

கையைப் பற்றியே பேசினாலும் என் கவலையெல்லாம் காலைப் பற்றித்தான். 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று விரைவாக நடக்கும் அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு இதில் பெரும்பகுதியைக் கட்டோடேயே செய்யலாம். கை ஊன்ற முடியாத நாட்களில் நாற்காலியிலிருந்து என்னைத் தூக்கிவிட்டது தொடைதான்; அது எவ்வளவு பலவீனப்பட்டிருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இன்றும் கை ஊன்றாமல்தான் எழுந்திருக்கிறேன். நடைக்கு நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்புகிறேன், ஹவாய் செருப்பை விட்டுவிட்டு, பின்னால் பட்டை வைத்த செருப்பில்.

நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், அது மெலிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. நம்மில் பலர் கட்டைப் பிரித்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிடுகிறோம். அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையை நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, கூழாகவோ களியாகவோ சாப்பிடலாம். ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலிலேயே கிடந்தால் எலும்பு உறுதிப்படாது. உடம்பின் பாரம் காலில் இறங்க வேண்டும்.

வலியைவிட பயம் பொல்லாதது. விழுந்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையையே பார்த்துக்கொண்டு, எட்டைக் குறுக்கி நடக்கிறோம். அப்படி நடக்க நடக்கத் தொடை மெலிகிறது, தடுமாற்றம் கூடுகிறது, மறுபடி விழுகிறோம். சுற்றியிருப்பவர்கள் "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று சொல்லச் சொல்ல இந்தப் பயம் வளர்கிறதே தவிரக் குறைவதில்லை. ஆளை நிறுத்துவதற்குப் பதில் வீட்டைத் திருத்தலாமே என்று மகனிடம் கேட்டேன். நடையில் கிடந்த வழுக்கும் மிதியடியை எடுத்துவிட்டான். இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு போட்டான். சுவரில் கைப்பிடி பதிக்க ஆள் வந்தபோது, "எந்த உயரத்துலம்மா?" என்று கேட்டான். நானே போய் நின்று, கை இயல்பாக எட்டும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். கழிப்பறையில் ஒன்று, மாடிப்படியின் இன்னொரு பக்கத்தில் ஒன்று என்று மேலும் இரண்டு கேட்டிருக்கிறேன்.