ஆள் எழுந்திருக்காத இருக்கை

2024 செப்டம்பர் 22, சிங்கப்பூர் மெரினா பே. இரவுப் பந்தயம் முடிந்து கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மற்ற வீரர்கள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். டேனியல் ரிக்கார்டோ மட்டும் உடனே இறங்கவில்லை. ஓடி ஓய்ந்த காரின் காக்பிட்டுக்குள் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கேமராக்களுக்கு முன்னால் வந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. எத்தனையோ ஆண்டுகளாகப் பழகிய இடம், அந்தக் கணத்தை மனதில் இருத்திக்கொள்ள விரும்பினேன் என்கிற பொருளில் பேசினார். இதுதான் என் கடைசிப் பந்தயம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அணி அப்படி எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் அங்கிருந்த அத்தனை பேரும் அதை ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அவருக்குப் பதிலாக லியாம் லாசன் வருவார் என்கிற அறிவிப்பு நான்கு நாள் கழித்து, 26ஆம் தேதி வந்தது.

எட்டு பார்முலா ஒன் பந்தயங்களை வென்றவர், 257 முறை களம் கண்டவர், ஊரே அறிந்த சேதியைத் தெரியாதவர்போல் சுமந்துகொண்டு விடைபெற வேண்டியிருந்தது. அவரை நீக்கியது சரியா என்பது வேறு கேள்வி. அந்த ஆண்டு அவருடைய வேகம் குறைந்திருந்தது என்பதை அவரை நேசித்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். திறமை பார்த்து ஆளை மாற்றுவது விளையாட்டில் நியாயமே. கேள்வி அந்த நான்கு நாட்களைப் பற்றியது, அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றியது. ஒரு மனிதரின் பிழைப்பு அவர் கண் முன்னாலேயே ஊகப் பொருளாக ஊர் சுற்றும்போது, அதைப் பேசுகிறவர்கள் செய்வது தவறா?

இந்தக் கேள்விக்கு இந்த விளையாட்டில் கூடுதல் கனம் உண்டு. 2025 வரை பார்முலா ஒன்னில் பத்து அணிகள், அணிக்கு இரண்டு கார்கள், ஆக மொத்தம் 20 இருக்கைகள். 2026இல் காடிலாக் சேர்ந்ததால் 22. உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். ஒரு கால்பந்து அணி புதியவர் ஒருவரை வாங்கினால் பழையவர் ஓரத்து பெஞ்சிலாவது உட்காரலாம், அடுத்த வாரம் களமிறங்கலாம். இங்கே அதற்கு இடமே இல்லை. ஒருவர் வர வேண்டுமானால் ஒருவர் எழுந்தாக வேண்டும். "இன்னார் வருகிறார்" என்று சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு உள்ளேயும் "இன்னார் போகிறார்" என்கிற வாக்கியம் சத்தமில்லாமல் இருக்கிறது. சொல்கிறவர் முதல் பாதியை மட்டும் சந்தோஷமாகச் சொல்கிறார். இரண்டாம் பாதியைக் கேட்க வேண்டியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்ட வேண்டியவர்.

நம் செய்தி மொழியும் இதற்கு வசதி செய்து கொடுக்கிறது. "கூறப்படுகிறது", "எதிர்பார்க்கப்படுகிறது", "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன." யார் கூறினார், யார் எதிர்பார்க்கிறார், எந்த வட்டாரம் என்று கேட்டால் வாக்கியம் பதில் சொல்லாது. எழுவாய் இல்லாத வினைச்சொல்லுக்குப் பொறுப்பாளியும் இல்லை. பொய்த்துப்போனால் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் அதே வட்டாரங்கள் வேறொன்றைத் தெரிவிக்கும், அவ்வளவுதான்.

திருக்குறளில் புறங்கூறாமை 19ஆம் அதிகாரம். அடுத்ததாகவே பயனில சொல்லாமை வருகிறது. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைக் குறைத்துப் பேசுவது ஒரு குற்றம், யாருக்கும் பயன்படாததைப் பேசுவது இன்னொரு குற்றம் என்று இரண்டையும் பிரித்து, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் வள்ளுவர். அணி மாற்ற ஊகங்களை இதில் எதில் சேர்ப்பது? பெரும்பாலானவை இரண்டாவதைச் சேர்ந்தவை. ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, அந்த இடத்துக்கு யார் பொருந்துவார் என்று டீக்கடை பெஞ்சில் கணக்குப் போடுவதில் யாருக்கும் கேடில்லை. விளையாட்டை நேசிப்பதில் அதுவும் ஒரு பகுதி. எங்கே அது முதல் வகைக்குள் நழுவுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அதற்கு முன் ஊகத்தின் பக்கம் உள்ள நியாயத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும். வதந்தியை நம்பாதே, அதிகாரப்பூர்வ அறிவிப்புக்குக் காத்திரு என்பது கேட்க நல்ல புத்திமதி. 2022இன் கோடையில் அந்தப் புத்திமதிப்படி நடந்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலை 28 அன்று செபாஸ்டியன் வெட்டல் ஓய்வை அறிவித்தார். ஆகஸ்ட் 1இல் பெர்னாண்டோ அலோன்சோ ஆல்பின் அணியை விட்டு, வெட்டலின் இடத்துக்கு ஆஸ்டன் மார்ட்டினுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. மறுநாளே ஆல்பின், தன் ரிசர்வ் வீரர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி 2023இல் தனக்காக ஓட்டுவார் என்று முறைப்படி அறிவித்தது. சில மணி நேரத்தில் பியாஸ்ட்ரி மறுத்தார். என் சம்மதமில்லாமல் வந்த அறிவிப்பு இது, அடுத்த ஆண்டுக்கு நான் அவர்களிடம் கையெழுத்திடவில்லை, அங்கே ஓட்டப் போவதுமில்லை என்றார். வழக்கு ஒப்பந்த அங்கீகார வாரியத்துக்குப் போனது. செப்டம்பர் 2இல் தீர்ப்பு: செல்லுபடியாகும் ஒரே ஒப்பந்தம் மெக்லாரனுடையது, அதன் தேதி ஜூலை 4.

அந்தத் தேதியை இன்னொரு தேதியோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். மெக்லாரனில் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் இதே ரிக்கார்டோ. அவர் போகப் போகிறார் என்ற பேச்சு வலுத்தபோது ஜூலை 13இல் அவரே ஓர் அறிக்கை வெளியிட்டார். அடுத்த ஆண்டு இறுதிவரை மெக்லாரனோடுதான் இருப்பேன், விட்டுப் போக மாட்டேன் என்றார். அவர் அதை எழுதிய நாளில் பியாஸ்ட்ரியின் ஒப்பந்தத்துக்கு ஒன்பது நாள் வயதாகியிருந்தது. ஆகஸ்ட் 24இல், ஆண்டு இறுதியோடு பிரிகிறோம் என்று அணியும் அவரும் அறிவித்தார்கள்.

இங்கே வதந்திதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. ஓர் அணியின் அறிவிப்பு செல்லாததாகிப் போனது, இன்னோர் அணியின் மௌனம் அதைவிட மோசமானதாக இருந்தது. 2024 ஜூனில் செர்ஜியோ பெரெஸின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்த ரெட்புல், அதே டிசம்பரில் அவரை அனுப்பிவிட்டதையும் பார்த்தோம். இப்படிப்பட்ட இடத்தில் கேள்வி கேட்கிற, துருவித் துருவி விசாரிக்கிற செய்தியாளரை வாயை மூடு என்பது அறமாகாது. நெருப்பில்லாமல் புகையாது என்கிறவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஆனால் புகையை யார் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பல நேரம் அது அணிக்கு உள்ளிருந்தே வருகிறது. சம்பளத்தை ஏற்ற மேனேஜர் ஒரு பெயரைக் கசியவிடுவார். நீக்கப்போகும் வீரரிடம் நேரே பேசத் துணிவில்லாத நிர்வாகம், ஊர் பேசட்டும், அவராகவே புரிந்துகொள்வார் என்று விட்டுவிடும். முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய கடனை வதந்தியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஊகம் பேசுகிறவர் தனக்குத் தெரியாமலேயே அந்த நிர்வாகத்துக்கு ஏவலாள் ஆகிறார். இதில் முதல் குற்றம் நிர்வாகத்துடையது. அதில் சந்தேகமில்லை.

1991இல் நடந்ததை இந்த விளையாட்டு இன்னும் மறக்கவில்லை. லண்டனில் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் மீது கண்ணீர்ப்புகை அடித்த வழக்கில் பெர்ட்ரான்ட் காஷோ சிறைக்குப் போனதால் ஜோர்டன் அணியில் ஓர் இடம் திடீரென்று காலியானது. அந்த இடத்தில் ஆகஸ்ட் 25 அன்று பெல்ஜியத்தின் ஸ்பாவில் அறிமுகமானார் மைக்கேல் ஷூமாக்கர். தகுதிச்சுற்றில் ஏழாவது. பந்தயத்தில் முதல் சுற்றிலேயே கிளட்ச் போய்விட்டது. ஆனாலும் பார்த்தவர்களுக்குப் போதுமானது தெரிந்துவிட்டது. இரண்டே வாரத்தில், மான்சாவில், அவர் பெனட்டன் காரில் இருந்தார். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் ஷூமாக்கரின் கதையாகவே சொல்கிறார்கள், பிறகு ஏழு முறை உலக சாம்பியன் ஆனவர் என்பதால். அந்த பெனட்டன் காரிலிருந்து எழுப்பப்பட்டவர் ரொபெர்ட்டோ மொரேனோ. ஸ்பாவில் அவர் நான்காவதாக முடித்திருந்தார். பந்தயத்தின் அதிவேகச் சுற்றும் அவருடையதே. சரியாக ஓட்டினால் இருக்கை மிஞ்சும் என்று நம்புகிற எந்தத் தொழிலாளியும் மொரேனோவின் அந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பார்க்கலாம். அவர் இத்தாலிய நீதிமன்றம் வரை போனார். கடைசியில் பணத்தில் சமாதானமாகி, மான்சாவில் ஜோர்டனின் காலி இடத்தில் ஓட்டினார். பியாஸ்ட்ரியின் வழக்கைத் தீர்த்த ஒப்பந்த அங்கீகார வாரியம் இந்தக் குழப்பத்துக்குப் பிறகு பிறந்ததுதான். அணிகளுக்கு நடுவே யாருடைய காகிதம் முந்தியது என்பதை அது தீர்த்துவைக்கும். மொரேனோ போன்றவருக்கு முன்கூட்டியே சொன்னார்களா என்று அது கேட்பதில்லை.

நிர்வாகத்தின் குற்றம் பெரியது என்பதால் பேசுகிறவர் கை சுத்தமாகிவிடுமா? ஜாக் டூஹனின் கதை வேறு விதமாகச் சொல்கிறது. 2025 சீசனுக்கு அவரைத் தேர்ந்தெடுத்த ஆல்பின், சீசன் தொடங்கும் முன்பே, ஜனவரியில், பிராங்கோ கொலபின்டோவை ரிசர்வ் வீரராகக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து டூஹனைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் அவருக்கு எத்தனை பந்தயம் மிச்சம் என்கிற எண்ணிக்கையாகவே வந்தது. முழுநேர வீரராக ஒரு சுற்றுகூட ஓட்டாதவரிடம் நீ எப்போது போகிறாய் என்று கேட்டார்கள். ஆறு பந்தயம் முடிந்து மே மாதம் அவரை நிறுத்தினார்கள். பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது பலித்தது என்றார்கள் சொன்னவர்கள்.

பலித்ததால் சொன்னது சரியாகிவிடாது. ஆதாரத்தோடு சொன்னவரும் உண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னவரும் உண்டு. முடிவு ஒன்றாக வந்ததால் இருவரும் ஒன்றாகிவிட மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் மாங்காயில் பட்டாலும் எறிந்தது கண்ணை மூடிக்கொண்டுதான். அதோடு, இருபத்திரண்டு வயதுப் புதியவர் ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்விக்கு நடுவே கார் ஓட்டியது அவருடைய ஓட்டத்தை எவ்வளவு பாதித்தது என்று அளக்க எந்தக் கருவியும் இல்லை. இருக்கை ஆடுகிறது என்று ஊர் சொல்லச் சொல்ல அது ஆடத் தொடங்குவது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான்.

ஊகம் புறங்கூறலாக மாறும் இடமும் இங்கே தெரிகிறது. "இந்த ஒப்பந்தத்தில் வெளியேறும் வழி இருக்கலாம், அணிக்குப் புள்ளிகள் தேவை, ஆகவே மாற்றம் வரலாம்" என்பது காரணத்தோடு வரும் கணிப்பு. கேட்கிறவர் அதை எடைபோட முடியும், மறுக்க முடியும். "அவன் கதை முடிந்தது" என்பதில் எடைபோட எதுவும் இல்லை, ஆளைத் தள்ளும் சந்தோஷம் மட்டும் இருக்கிறது. முன்னதில் இருக்கையைப் பற்றிப் பேசுகிறோம். பின்னதில் உட்கார்ந்திருப்பவரைப் பிடித்து இழுக்கிறோம்.

கார்லோஸ் சைன்ஸுக்கு 2024இல் நேர்ந்ததும் இழப்புதான். பிப்ரவரி 1 அன்று, லூயிஸ் ஹாமில்டன் அடுத்த ஆண்டு பெராரிக்கு வருகிறார் என்று முறையாக அறிவித்தார்கள். சைன்ஸின் இடம் போனது. ஆனால் அது வெளிப்படையாகப் போனது. சீசன் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் எல்லாம் தெரியும், யாரும் யாரிடமும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. மார்ச்சில் குடல்வால் அறுவை சிகிச்சைக்காக ஒரு பந்தயத்தை விட்டவர், அடுத்த பந்தயத்துக்கே மெல்போர்னுக்கு வந்து ஜெயித்தார். காரிலிருந்து மெல்ல, வலியோடு எழுந்து வந்தார். ஜூலையில் வில்லியம்ஸில் இடம் பிடித்தார். கெட்ட செய்தியானாலும் சொல்லிவிட்டால் மனிதர் தாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ரிக்கார்டோவின் இருக்கைக் கணக்கில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2011இல் எச்ஆர்டி என்ற சிறிய அணியில் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஓட்டிக்கொண்டிருந்தார். சீசன் பாதியில், ஜூலை மாதம் சில்வர்ஸ்டோனில், அவரை இறக்கிவிட்டு ஏற்றப்பட்ட புதுமுகம் டேனியல் ரிக்கார்டோ. அவருடைய பார்முலா ஒன் வாழ்க்கை தொடங்கியதே நம்மவரின் இருக்கையில்தான். இங்கே பலருக்கு அது வலித்தது. நம் ஆள் என்பதால் போகிறவரின் பக்கத்திலிருந்து அந்தச் செய்தியைப் படித்தோம்.

அக்டோபர் 30 அன்று, கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடத்தில், இந்தியாவின் முதல் கிராண்ட் பிரிக்ஸ் நடந்தது. கார்த்திகேயன் அதற்காகத் திரும்பி வந்தார். 17ஆவதாக முடித்தார். அதே அணியின் இன்னொரு காரில் ரிக்கார்டோ 18ஆவது. நம் வீட்டு டிவிகளுக்கு முன்னால் அந்த ஒற்றை இட வித்தியாசத்துக்காகக் கை தட்டியவர்கள் உண்டு. கார்த்திகேயன் அன்று உட்கார்ந்தது விட்டான்டோனியோ லியுஸ்ஸியின் இருக்கை. அந்த வாரம் முழுவதும் "நரேன் வருகிறார்" என்று படித்தோம், பேசினோம். அந்த ஞாயிறு மதியம் லியுஸ்ஸி எங்கே நின்று பந்தயத்தைப் பார்த்தார் என்று நம்மில் யாரும் கேட்கவில்லை.