பயனின்றித் திரிதல் பாவமா?

சென்ற ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காந்திபுரத்து அடுக்குமாடி வீட்டிலிருந்து என் பேரக் குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு சிங்காநல்லூர்க் குளக்கரைக்குச் சென்றிருந்தேன். பேரனுக்கு வயது ஒன்பது, பேத்திக்கு ஆறு. அங்கே என்ன செய்தீர்கள் என்று எவரேனும் வினவினால் விடையாகச் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. நடந்தோம், நின்றோம். நீர்க்காகம் ஒன்று மூழ்கி எழுந்து, கட்டையின்மேல் அமர்ந்து, சிறகுகளை விரித்து உலர்த்துவதைப் பார்த்தோம். மேற்கேயிருந்து காற்றுப் பலமாக வீசியபோது நாங்கள் மூவரும் அதனைப் போலவே கைகளை விரித்து நின்றோம். பொழுது சாயுமுன் உணவு கொள்ள வேண்டுமாதலால் வீடு திரும்பினோம். அவ்வளவே.

அன்று மாலை என் கணவரின் சிற்றப்பா மகன் வந்திருந்தார். விரதங்களை வழுவாது காத்துவரும் பெரியவர். குழந்தைகள் தாம் கண்டதையெல்லாம் அவரிடம் கூவிக் கூவிச் சொன்னார்கள். பொறுமையுடன் கேட்டபின் என்னை நோக்கி, "அண்ணி, பயனில்லாமல் திரிவதும் பிறரைத் திரியச் செய்வதும் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டவை அல்லவா? ஆசிரியையாக இருந்த நீங்களே குழந்தைகளுக்கு அதைப் பழக்கலாமா?" என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை.

அவர் சொன்னதில் பிழையில்லை. இல்லறத்தார்க்குரிய குண விரதங்களுள் அநர்த்த தண்ட விரதமும் ஒன்று. பயனேதுமின்றி உயிர்களுக்குத் துன்பம் விளைக்கும் செயல்களினின்று விலகி நிற்பதே அதன் பொருள். அத்தகைய செயல்கள் ஐந்தனுள் பிரமாத சரியை ஒன்று. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அதனை விளக்குகையில், வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை ஒடித்தல் ஆகியவற்றோடு, தான் திரிதலையும் பிறரைத் திரிவித்தலையும் சேர்த்தே கூறுகிறார். இப்பட்டியலைச் சற்று ஊன்றிப் பாருங்கள். மண்ணைத் தோண்டுவது, தண்ணீரை வாரி இறைப்பது, இலையைக் கிள்ளுவது, காரணமின்றி ஓடுவது! குழந்தையின் விளையாட்டு என்று நாம் சொல்வதெல்லாம் ஏறக்குறைய இதில் அடங்கிவிடுகிறது. அப்படியாயின் குழந்தையை வெளியே விளையாட விடுவதே தவறாகுமா?

இவ்விடத்தில் பிரமாதம் என்னும் சொல்லின் பொருளை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். பேச்சுவழக்கில் சிறப்பு என்ற பொருளில் அதனை வழங்குகிறோம். ஆகமங்களில் அது விழிப்பின்மையைக் குறிக்கும். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிருக்கு ஊறு நேர்ந்தது என்பதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. விழிப்பற்ற மன, மொழி, மெய்களால் அது நேர்ந்தது என்பதையும் சேர்த்தே கூறுகிறார். ஆகவே கேள்வியைச் சற்று மாற்றி அமைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் நடைக்குப் பயன் உண்டா என்பது ஒரு கேள்வி; அதில் விழிப்பு உண்டா என்பது மற்றொன்று. கடைவீதிக்கு விரைபவனுக்குப் பயன் உண்டு. அவன் காலடியில் எறும்புச் சாரை நசுங்குவதை அவன் அறியான். குளக்கரையில் நின்ற எங்களுக்கு வேலை ஏதும் இல்லை. ஆனால் கண் திறந்திருந்தது.

கண் திறப்பது எத்துணை அரிது என்பதை நான் வகுப்பறையில் கற்றேன். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் ஐந்தாம் வகுப்பிற்கு உயிர்களிடத்து அன்பு என்ற பாடத்தை நடத்தினேன். ஆசிரியப் பயிற்சியில் கற்ற முறைப்படி, படங்கள் காட்டி, வினாக்கள் எழுப்பி, கரும்பலகையில் தொகுத்து எழுதி நடத்திய பாடம் அது. தேர்வில் பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள். விடைத்தாள்களைத் திருத்தி முடித்து நிமிர்ந்தபோது சன்னல் வழியே விளையாட்டுத் திடலைக் கண்டேன். முழு மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன் தட்டானின் வாலில் நூலைக் கட்டி, அதைச் சிறு கல்லைத் தூக்க வைத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் என் வகுப்புப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தனர். எவரிடத்தும் கொடிய எண்ணம் இல்லை. தாளில் எழுதிய உயிரும் நூலில் துடித்த உயிரும் ஒன்றே என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனைத் தெரியச் செய்வது என் கடமை, நான் செய்யவில்லை. அடுத்த வாரம் முதல், பாடவேளை முடியும் தறுவாயில் சில நிமிடங்கள் அவர்களை வேப்ப மரத்தடியில் அமர்த்தி, எதையும் கேட்காமல், எதையும் எழுதச் சொல்லாமல் பார்க்க விட்டேன். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. இருந்தும் விடவில்லை.

எனக்கு அதனைச் செய்யும் துணிவு வந்தது என் பாட்டியிடமிருந்து. பொன்னூர் மலைக்கு அண்மையில் உள்ள சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவள் நான். ஒருமுறை பொன்வண்டு ஒன்றைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்து, வேலிலையும் இட்டு, தலையணையின் கீழ் மறைத்து வைத்திருந்தேன். பாட்டி கண்டுகொண்டார். அடிக்கவில்லை, பாவம் என்றும் சொல்லவில்லை. தீப்பெட்டியை என் காதருகே வைத்தார். உள்ளே கால்கள் அட்டையைப் பிறாண்டும் ஓசை கேட்டது. "இரவெல்லாம் இப்படித்தான், கேள்" என்றார். நான்தான் திறந்தேன். அது உடனே பறக்கவில்லை. வேல மரத்துக் கிளையில் வைத்தபின் நெடுநேரம் அசையாதிருந்து, பிறகு எழுந்து போயிற்று. அந்த நெடுநேரத்தில் எனக்கு ஏற்பட்ட அச்சம் இன்றும் நினைவில் இருக்கிறது. பிற்காலத்தில் நூல்களில் கொல்லாமையைப் பற்றிப் படித்தவையெல்லாம் அந்த ஓசைக்கு நான் பெற்ற உரைகளே.

நான் வண்டைப் பிடித்தது தவறுதான். ஆனால் வண்டே இல்லாத வீட்டில் பாட்டி எதனை என் காதருகே வைத்திருக்க முடியும்? இக்கேள்வியை நம் பெற்றோர் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆனைகட்டியில் சாலிம் அலி அவர்களின் பெயரால் 1990இல் தொடங்கப்பெற்ற பறவையியல் மையம் உள்ளது. அப்பெரியவர் சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையிலிருந்த மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். 1908இல் நிகழ்ந்த அந்த வினாவே அவர் வாழ்க்கையாயிற்று. ஆராய்ச்சிக்காகப் பின்னரும் பறவைகளைச் சுட்டவர் அவர். ஆதலின் கொல்லாமைக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்லவில்லை. வெளியில் திரிந்த சிறுவனின் கண்ணில் பட்ட ஒரு மஞ்சள் நிறம் எவ்வளவு தொலைவு அழைத்துச் செல்லும் என்பதற்கே சொல்கிறேன். துப்பாக்கியின் இடத்தில் அருகே நிற்கும் ஒரு பெரியவரை வைத்துப் பாருங்கள்.

பருவந்தோறும் குழந்தைகளோடு வெளியே செல்ல நம் ஊரைப்போல் வாய்ப்பான இடம் குறைவு. நூல்கள் ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்னும். கோவையிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் சாரலும் வரும் காலம் அது. பனையோலைக் காற்றாடியைக் கருவேல முள்ளில் கோத்துக் கையில் கொடுத்தால் போதும், குழந்தை தானே ஓடும். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் வேண்டவே வேண்டா. அது பறவையின் சிறகை அறுக்கும், மனிதர் கழுத்தையும் அறுக்கும். ஆடியில் கொங்கு நாட்டார் மரக்கிளையில் தூரி கட்டி ஆடுவர். நாம் ஊஞ்சல் என்பதையே இங்குத் தூரி என்கிறார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே பலகையில் அமரத்தக்க விளையாட்டு வேறு எது உண்டு?

ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெருமழை. நிலமெங்கும் சிற்றுயிர்கள் பெருகும் காலம். மழைக்காலத்தில் முனிவர்களே பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசம் காக்கிறார்கள். அப்போது நாமும் புல்வெளியை விட்டு விலகி, திண்ணையிலோ கற்படியிலோ அமர்ந்து பார்க்கலாம். பழந்தமிழர் மூதாய் என்று பெயரிட்ட செந்நிறப் பட்டுப்பூச்சி ஈரமண்ணில் ஊர்வதைக் காண, குனிவது மட்டுமே தேவை; தீப்பெட்டி தேவையில்லை. மாசி, பங்குனியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். சித்திரையில் நுங்கெடுத்த வெறுங்காய்கள் இரண்டைக் குச்சியால் இணைத்தால் வண்டி. இவற்றுக்கெல்லாம் கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை.

பொங்கலை அடுத்து வரும் பூப்பறிக்கும் நோன்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டுப் பெண்கள் குழந்தைகளோடு கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு காட்டுப்புறம் சென்று, ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, பொழுதோடு திரும்பும் திருநாள் அது. ஆசிரியப் பணியின் பொருட்டு நான் இங்கு வந்த தொடக்க காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்களையும் அன்போடு அழைத்தனர். சென்றோம். உதிர்ந்த பூக்களை மட்டுமே எடுக்க வேண்டும் என்று என் மகனிடம் சொல்லியிருந்தேன். பிற பிள்ளைகளின் கூடைகள் நிறைந்தன. அவன் கூடையில் வாடிய பூக்கள் நான்கைந்து. அவன் அழத் தொடங்கினான். அப்போது பக்கத்து வீட்டு அம்மையார் தம் கூடையிலிருந்து இரு கை நிறையப் பூவை அள்ளி அவன் கூடையில் இட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பூவைத் திருப்பிக் கொடுத்திருந்தால், கிளையிலிருந்த பூவுக்குக் காட்டிய பரிவை எதிரில் நின்ற பெண்மணிக்குக் காட்டாதவளாகியிருப்பேன். ஏற்றுக்கொண்டதாலோ, மகனுக்குச் சொன்ன சொல்லைத் தளர்த்தியவளானேன். எது சரி என்று இன்றும் எனக்குத் தீரத் தெரியவில்லை. ஆனால் அந்த மகன் இன்று தன் மகளிடம், "உதிர்ந்ததை எடு, கண்ணு" என்று சொல்வதைக் கேட்கிறேன். வீட்டினுள் இருந்திருந்தால் எங்களுக்கு அந்தத் தருமசங்கடமும் வந்திராது. அந்தச் சொல்லும் நிலைத்திராது.

நேரமில்லை என்பது பெற்றோர் பலரின் விடை. பள்ளிக்குப்பின் தனிப்பயிற்சி, அதன்பின் இசை, சதுரங்கம், கணினி. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியாவும் 1992இல் அதனை ஏற்றது. ஆயினும் உரிமை என்பதற்காக மட்டும் நான் சொல்லவில்லை. எஞ்சும் ஒரு மணி நேரமும் கைபேசியில் கழிகிறதே, அதில் எறும்பு நசுங்குவதில்லை என்பதால் அது அகிம்சையாகிவிடுமா? அங்கும் குழந்தை சுட்டு வீழ்த்திக்கொண்டுதானே இருக்கிறது? தீய நினைவும் தீயன கேட்டலும் அநர்த்த தண்டங்களே என்பதை நாம் மறக்கலாகாது.

எவ்வளவு விழிப்பாக நடந்தாலும் காலடியில் சில உயிர்கள் மாளும். இதனை நான் மறுக்கவில்லை. அதனால்தான் சில வரம்புகளை வைத்திருக்கிறேன். பிடிக்கக் கூடாது, பறிக்கக் கூடாது, நடக்கும்போது நிலத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றைப் பார்க்க விரும்பினால் நின்று பார்க்க வேண்டும். இவற்றைத் தவிர வேறு விதி இல்லை, விளக்கவுரையும் இல்லை. விளக்காமல் இருப்பதுதான் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குக் கடினம். விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் ஜினாலயத்திற்கும், ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள அரச்சலூர் மலைக்கும் பேரப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது வாயை மூடிக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமன்று. கற்படுக்கைகள் உள்ள அரச்சலூர்க் குகையில் தமிழ் பிராமி எழுத்தில் தாளச் சொற்கள் ஐந்தைந்தாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வலமிருந்து படித்தாலும் இடமிருந்து படித்தாலும், மேலிருந்தும் கீழிருந்தும் ஒன்றேபோல் வரும். துறவோர் தங்கியதாகக் கருதப்படும் குகையின் பாறையில் எவரோ ஒருவர் இத்தனை களிப்போடு எழுத்துகளை அடுக்கி வைத்திருக்கிறார்!

அடுத்த ஞாயிறு என் கொழுந்தனாரையும் குளக்கரைக்கு அழைத்தேன். தயங்கித்தான் வந்தார். முனிவர்கள் ஈரியா சமிதி காக்கையில் நான்கு முழத் தொலைவு நோக்கி நடப்பதைப் போலவே, தம் வழக்கப்படி நிலத்தைப் பார்த்தவாறு நடந்தார். சற்று நேரத்தில் பேத்தி அவர் பின்னால் அவ்வாறே தலை குனிந்து நடக்கலானாள். திடீரென அவள் நின்று, "தாத்தா, கால எடுங்க!" என்றாள். அவர் பார்வைக்குத் தப்பிய நத்தை ஒன்று அவர் கால் வைக்கவிருந்த இடத்தில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை இருவரும் நின்றனர். எவ்வளவு நேரம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

திரும்பும்போது அவர் என் செயலைச் சரியென்று ஒப்பவில்லை. "மழை தொடங்கினால் கரைப்பக்கம் வேண்டாம், அண்ணி" என்று மட்டும் சொன்னார். அது நியாயமென்று ஏற்றுக்கொண்டேன். "மழை விட்டதும் சொல்லியனுப்புங்கள்" என்றார் பிறகு.