நடந்ததை நடக்காததாக்க முடியுமா?

நடந்துவிட்டதை நடக்காததாக்குவது தெய்வத்துக்கும் ஆகாது என்று கிரேக்க நாடகாசிரியர் அகத்தோன் சொன்னதை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் ஒப்புதலோடு எடுத்துக்காட்டுகிறார். எல்லாம் வல்ல இறைவனுக்கு இது மட்டும் எப்படி இயலாமல் போகும் என்று 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற துறவி ஒரு நீண்ட மடலே எழுதினார். கேள்வியின் அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது: செய்ததிலிருந்து மீள வேண்டுமானால் அதை அழித்தாக வேண்டும் என்பது. இந்த எண்ணம் தவறு என்பேன். அதற்குச் சான்று, நிரலாளர்கள் அன்றாடம் புழங்கும் ஒரு கருவியிலேயே இருக்கிறது.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற அந்தக் கருவியில், வேண்டாத மாற்றத்திலிருந்து மீள இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ரீசெட் என்ற கட்டளை, கிளையின் முனையைப் பழைய கமிட்டுக்கு, அதாவது முன்பு பதிந்த ஒரு நிலைக்கு, நகர்த்திவிடும். பிழை நடந்த தடமே வரலாற்றில் தெரியாது. ரிவர்ட் என்ற கட்டளை வரலாற்றிலிருந்து எதையும் நீக்காது. பிழையான கமிட்டில் சேர்த்த வரிகளை எடுத்து, எடுத்த வரிகளைச் சேர்த்து, புதிய கமிட் ஒன்றை எழுதும். அதன் குறிப்பில், எந்தக் கமிட்டின் விளைவை இது மாற்றுகிறது என்று பழையதன் அடையாள எண்ணும் பதிவாகும். தன்னிடம் மட்டும் இருக்கிற வேலைக்கு ரீசெட் போதும். பிறர் எடுத்துக்கொண்டு அதன்மேல் வேலை செய்யத் தொடங்கிவிட்டால் ரிவர்ட்தான் முறை. ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்தோடு முந்தைய கமிட்டின் எண்ணையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. நடுவில் ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னுள்ளவை அனைத்தும் வேறு எண் பெறும். பிறர் கையிலோ பழைய வரலாறே இருக்கும். நாம் செய்யும் வினைகளும் அநேகமாக இப்படிப் பிறர் கைக்குப் போய்விட்டவையே. சொன்ன சொல்லின்மேல் கேட்டவர் ஏற்கெனவே தம் வாழ்க்கையில் எதையோ கட்டியிருப்பார்.

அருள் வினையை எரித்துவிடும் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறதே என்று கேட்கலாம். கனமான மறுப்புதான். ஆனால் அந்த மரபே வினையைப் பிரித்துப் பார்க்கிறது: தீக்கை எனும் தீட்சையில், சேர்ந்து கிடக்கும் வினையான சஞ்சிதம் எரிந்தாலும், விளையத் தொடங்கிவிட்ட வினையான பிராரத்தத்தை உடல் உள்ளவரை நுகர்ந்துதான் கழிக்க வேண்டும். விளையத் தொடங்கியதை அருளும் நடக்காததாக்கவில்லை. கிட்டிலும் இதற்கு இணை உண்டு. கடவுச்சொல் தவறுதலாகப் பொதுவெளிக்கு வந்துவிட்டால் வரலாற்றையே திருத்தி எழுதி அதை அகற்றலாம். ஆனாலும் கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும், யாரேனும் படித்திருக்கக்கூடும்.

கோப்புகள் எழுத்துப் பிசகாமல் பழைய நிலைக்குத் திரும்புகின்றன, மனம் அப்படித் திரும்புமா என்பது அடுத்த மறுப்பு. திரும்பாது. ஆனால் கோப்புகள் திரும்பினாலும் அவற்றின் வரலாறு திரும்புவதில்லை. பிழை நடந்த உடனே ரிவர்ட் செய்தால், கோப்புகளின் மொத்த நிலையைக் குறிக்கும் எண் பிழைக்கு முன்பிருந்த அதே எண்ணாகவே அமையும். கமிட்டின் எண் மட்டும் புதிது. பிழைக்கு முன்பிருந்த அந்த நிலை இப்போது பிழையைத் தன் பெற்றோராகக் கொண்டு நிற்கிறது. மன்னிப்புக் கேட்டு, கெடுத்ததைச் சரிசெய்து, பழையபடி பழகத் தொடங்கும் இருவரின் நட்பும் இப்படித்தான் என்று உறுதியாக நம்புகிறேன். பார்ப்பவர் கண்ணுக்கு முன்பிருந்த அதே நட்பு. அவர்களுக்கோ அந்தப் பிழை வழியாக வந்து சேர்ந்த நட்பு.