சுழலும் தட்டுகளைக் கேட்டல்

ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுகிறது, பயப்பட வேண்டுமா என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: போன மாதமும் இதே சத்தம்தானா? யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லையே என்பார்கள். எரிச்சல் மூட்டும்வரை ஓர் இயந்திரத்தின் சத்தம் நம் காதில் ஏறுவதில்லை. ஏறும்போது, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சத்தம் நினைவில் இருப்பதில்லை. வட்டு நன்றாக ஓடும் காலத்திலேயே, வீடு அடங்கிய ஒரு வேளையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுவைப்பது அதனால்தான் உதவும். கைபேசியில் பதிந்துவைத்தால் இன்னும் நல்லது.

*

அப்படிக் கேட்கும்போது முதலில் பிடிபடுவது தாழ்ந்த ஒரு ரீங்காரம். மேசைக் கணினி வட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன, நொடிக்கு 120. மடிக்கணினிகளில் பரவலாக இருந்தது 5,400, நொடிக்கு 90. ரீங்காரத்தின் சுருதி இந்தச் சுழற்சியை ஒட்டியே அமைகிறது. ஆன் செய்த சில நொடிகளில் ஏறி நின்ற பிறகு அது அசையக் கூடாது.

அதன்மேல் விட்டுவிட்டு வரும் கரகரப்பு, உள்ளே இருக்கும் கையின் ஓசை. கையின் பின்முனையில் ஒரு கம்பிச்சுருள், அருகே வலுவான காந்தம். ஒலிபெருக்கியின் கூம்பை அசைப்பதும் இதே ஏற்பாடுதான். மின்சாரம் பாய்ந்தால் சுருள் நகர்கிறது, சுருளோடு கையும் நகர்கிறது. கையின் நுனியில் தகவலைப் படிக்கவும் எழுதவும் இருக்கும் ஹெட், தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே காற்றுப் படலத்தில் மிதந்தபடி, ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குச் சில மில்லிநொடிகளில் தாவுகிறது. தாவிய வேகத்தில் சட்டென்று நிற்கவும் வேண்டும். அந்த உதறல் வட்டின் கூட்டுக்குப் போய், அங்கிருந்து கேபினட்டின் தகட்டுக்குப் போகிறது. பல நேரங்களில் நாம் கேட்பது தகட்டைத்தான். ஒரு ஸ்குரூ தளர்ந்திருந்தால் நல்ல வட்டும் பயமுறுத்தும்.

மூன்றாவது, எப்போதாவது வரும் ஒற்றை 'டக்'. வேலையில்லாதபோது ஹெட்டைத் தட்டைவிட்டு விலக்கி ஓரத்துச் சரிவில் ஏற்றிவைக்கும் ஓசை. கரண்ட் போகும்போதும் இது நடக்கிறது. எப்படி என்று படித்த அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் அறுந்த பிறகும் தட்டுகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. அவற்றைச் சுழற்றிய மோட்டாரே அந்தக் கணத்தில் ஜெனரேட்டராக மாறி, மிச்சமிருக்கும் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஹெட்டைப் பத்திரமான இடத்தில் சேர்க்கிறது. அணைந்த கணினியிலிருந்து வரும் அந்தச் சத்தம் எல்லாம் சரியாக நடந்ததன் அடையாளம்.

*

சத்தம் அதிகம் என்பதாலேயே கெடுதி என்று எண்ணத் தேவையில்லை. ஐபிஎம் 1956இல் வெளியிட்ட முதல் வட்டு இயந்திரத்தில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது, நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. அதன் பக்கத்தில் நின்று அமைதியை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டு வட்டுகளும் நெடுங்காலம் எஃகுக் குண்டு பேரிங்கில்தான் ஓடின. வயதாக ஆக அவை கீச்சிட்டன. 2000க்குப் பிறகு எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் பேரிங்குகள் பரவின, கீச்சு போயிற்று. கையின் தாவலை மெதுவாக்கிச் சத்தத்தைக் குறைக்க வட்டுக்குள்ளேயே ஓர் அமைப்பும் இருந்தது. 128இலிருந்து 254 வரை ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். எண் குறைந்தால் அமைதி, கூடினால் வேகம். ஒரே வட்டு, ஒரே ஆரோக்கியம், இரண்டு விதச் சத்தம். 2013 முதல் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்த வட்டுகள் கடைக்கு வந்தன. ஹீலியத்தின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்குதான் என்பதால் தட்டுகள் கிழித்துக்கொண்டு போகும் இரைச்சலும் குறைவு.

இன்று பெரிய கொள்ளளவு வட்டுகளை வாங்குகிறவர்கள்தான் அதிகம் பதறுகிறார்கள். ஒன்றும் செய்யாமலிருக்கும்போது சில நொடிக்கொரு முறை 'டொக்' என்கிறதே என்று. ஹெட் ஒரே இடத்தின்மேல் வெகுநேரம் நிற்காதபடி அவ்வப்போது இடம் மாற்றிவைக்கும் வட்டுகள் உண்டு. அந்தச் சத்தமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து மாறாமல் ஒரே மாதிரி வருவதைப் பழகிக்கொள்ளலாம்.

*

கவலைப்பட வேண்டிய சத்தங்கள் குறைவு. குறைவாக இருப்பதாலேயே அவற்றை அறிந்துவைக்க முடியும்.

ஒன்று, தாளம் தப்பாத 'டிக், டிக், டிக்'. தட்டில் தகவலோடு கூடவே இடக்குறிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. ஹெட் தான் எந்தத் தடத்தின் மேல் இருக்கிறது என்று அவற்றைப் படித்துத்தான் அறிகிறது. படிக்க முடியாமல் போனால் கை தொடக்க இடத்துக்குத் திரும்பி, மறுபடி புறப்படுகிறது. மனப்பாடமாக ஒப்பிக்கிறவருக்கு நடுவில் ஓர் அடி மறந்துவிட்டால், விட்ட இடத்தைப் பிடிக்க முதலடிக்குப் போய்த் தொடங்குவாரே, அப்படி. அவருக்கு இரண்டாம் முறை பெரும்பாலும் வந்துவிடும். ஹெட் பழுதாகியிருந்தால் வட்டுக்கு வருவதில்லை. சில முறை முயன்றுவிட்டு மோட்டாரையே நிறுத்திவிடும்.

ஆனாலும் உடனே கைவிட்டுவிடக் கூடாது. யுஎஸ்பியில் செருகும் வெளி வட்டுக்குப் போதிய மின்சாரம் வராவிட்டாலும் இதே டிக் டிக் வரும். கேபிளை மாற்றி, நேராகக் கணினியின் இன்னொரு போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். அப்படிச் சரியானால் வேறு எதுவும் தேவையில்லை.

இரண்டு, உலோகம் உரசும் சத்தம். இதில் சோதிக்க ஒன்றுமில்லை. ஹெட் தட்டைத் தொட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும்; சுழலும் ஒவ்வொரு நொடியும் காந்தப் பூச்சு, அதாவது எழுதப்பட்ட தகவலே, தூளாகிக்கொண்டிருக்கலாம். உடனே அணைத்துவிட வேண்டும். இன்னொரு முறை ஆன் செய்து பார்ப்போமே என்ற ஆசைதான் எல்லாவற்றிலும் கொடியது.

மூன்று, சுழல முயன்று முடியாமல் விசும்பும் மோட்டார். ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம். குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்பார்கள். தட்டின்மேல் ஈரம் படிய அதைவிடச் சுலபமான வழியில்லை. மூடியைத் திறந்து பார்ப்பதும் அப்படித்தான்: சில நானோமீட்டர் இடைவெளியில் ஓடும் ஹெட்டுக்கு நம் வீட்டுத் தூசியின் ஒரு துகள் போதும்.

*

நாம் வட்டைக் கேட்பதுபோல வட்டும் நம்மைக் கேட்கிறது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய பிரெண்டன் கிரெக், அடுக்கிவைத்த வட்டுகளின் முன் குனிந்து உரக்கக் கத்தினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த வரைபடத்தில் வட்டுகளின் தாமதம் அந்தக் கணத்திலேயே எகிறியது. குரலின் அதிர்வில் ஹெட் தடத்தைவிட்டு விலகி, மீண்டும் பிடிக்க நேரம் எடுத்திருக்கிறது.

2016 செப்டம்பரில் புக்கரெஸ்ட் நகரத்தில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. தீயை அணைக்கும் வாயு பீறிட்ட சத்தம் 130 டெசிபலைத் தாண்டியது; நெருப்பே இல்லாமல் வட்டுகள் பழுதாகி, வங்கியின் சேவைகள் பல மணி நேரம் முடங்கின. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022இல் எழுதிய சம்பவம் இன்னும் விசித்திரமானது. ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டு ஒலித்தால் ஒரு காலத்து மடிக்கணினிகள் சில நின்றுபோயின; பாட்டு பக்கத்துக் கணினியில் ஒலித்தாலும் போதும். அதிலிருந்த ஓர் அதிர்வெண், அந்த 5,400 சுற்று வட்டுகளின் இயல்பான அதிர்வோடு ஒத்திசைந்திருக்கிறது. கணினி நிறுவனம் அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டிச் சமாளித்தது.

இதைப் படித்த பிறகு, ஸ்பீக்கரும் வெளி வட்டும் ஒரே பலகையில் இருப்பதைப் பார்த்தால் தள்ளிவைக்கச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

*

சத்தத்தைவிட என்னை அதிகம் கலங்கவைப்பது சத்தமின்மை. கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் வட்டுகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டது. வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவேட்டை அதில் அலசியிருந்தார்கள். வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், செத்த வட்டுகளில் 36 சதவீதத்துக்கு மேல் எந்தக் குறியும் காட்டாமலே செத்திருந்தன. குறி காட்டியபோது மட்டும் அது வீணாகவில்லை: முதல் ஸ்கேன் பிழை தெரிந்த வட்டு அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையில்லாத வட்டைப்போல் 39 மடங்கு. பேக்பிளேஸ் நிறுவனம் 2016இல் தன் வட்டுகளைப் பார்த்துச் சொன்னதும் ஏறக்குறைய இதே கதைதான். 5, 187, 188, 197, 198 என்ற ஐந்து பதிவுகளில் ஒன்றாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தது செத்தவற்றில் 76.7 சதவீதம், மற்றவை சொல்லாமல் போய்விட்டன.

ஆகவே கேட்பதோடு இந்த ஐந்து எண்களையும் பார்க்கலாம். இலவச மென்பொருள்கள் காட்டும். எண் பூஜ்யமாக இல்லாததைவிட, வாரத்துக்கு வாரம் ஏறுவது மோசம்.

எஸ்எஸ்டியில் சுழல ஒன்றுமில்லை. கையும் இல்லை, ஹெட்டும் இல்லை. முதல் நாள் வரை நன்றாக இருந்து மறுநாள் கணினி அதை அடையாளமே காணாது. சத்தம் போட்டுச் சாகும் பழைய வட்டு, கேட்கத் தெரிந்தவருக்குக் கொஞ்ச அவகாசமாவது கொடுத்தது.

*

அந்த அவகாசத்தில் எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் இழக்கிறார்கள். சத்தம் மாறிவிட்டது என்று தெரிந்ததும் முழு ஸ்கேன் ஓட்டுகிறார்கள். மெலிந்துவிட்ட வட்டை முனையிலிருந்து முனைவரை மணிக்கணக்கில் படிக்கவைக்கும் வேலை அது. மிச்சமிருந்த ஓட்டம் அதிலேயே தீர்ந்துவிடலாம். முதலில் நகல், சோதனை பிறகு. நகலிலும் ஒரு வரிசை வேண்டும். சினிமாவும் மென்பொருளும் எங்கேயாவது மறுபடி கிடைக்கும், கடைசிக்கு விடலாம். திரும்ப எடுக்க முடியாத படங்கள், இப்போது இல்லாதவர்களின் குரல்கள், வேறெங்கும் இல்லாத எழுத்துகள் முதலில். ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதனோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப்போக வேண்டும். ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற கருவி இதைத்தான் முறையாகச் செய்கிறது: நன்றாகப் படிக்கும் பகுதிகளையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, சிக்கும் இடங்களைக் குறித்துவைத்து, அவற்றுக்குப் பிற்பாடு வருகிறது.

உரசல் கேட்டுவிட்டால் மட்டும் இந்த வரிசையும் இல்லை. அணைத்து, கழற்றி, உள்ளே இருப்பது அந்தச் செலவுக்குத் தகும் என்றால், டேட்டா ரெக்கவரி செய்யும் இடத்துக்கு அப்படியே கொண்டுபோக வேண்டும். வட்டைத் தூசியில்லாத அறையில் திறப்பார்களா என்று முதலில் கேட்க வேண்டும். கடையின் மேசையிலேயே திறக்கிறேன் என்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.