‘ஹீ’ நெய்த சேலை

ஆங்கிலப் பிரதிப்பெயர்களைப் பள்ளியில் ஒரே வாரத்தில் நடத்தி முடித்துவிடுவார்கள். ஆண் என்றால் ஹீ, பெண் என்றால் ஷீ, பொருள் என்றால் இட், பலர் என்றால் தே. கோடிட்ட இடத்தை நிரப்பினால் ஐந்து மார்க். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த பிறகு எனக்கு ஒன்று தெரிந்தது. கடினமான சொல்லுக்கு அகராதி இருக்கிறது. ஹீ, ஷீ இரண்டில் எதைப் போடுவது என்பதற்கு அகராதி கிடையாது. அதற்கு நேரில் போய் விசாரிக்க வேண்டும்.

ஆரணியில் பட்டுச்சேலை விற்கும் சிலருக்கு நான் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். பெட்டிக்குள் சேலையோடு ஒரு சின்ன அட்டை வைப்பார்கள் இல்லையா, அதில் இருக்கும் எட்டுப் பத்து வரிகள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஊரைச் சுற்றி சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள் இருக்கின்றன. சேலையை இணையத்தில் வாங்குகிறவருக்கு இந்த ஊர்ப் பெயர்கள் மட்டும் போதவில்லை. நெய்த கையைப் பற்றியும் ஒரு கதை வேண்டும் என்கிறார்கள். கதையைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புவார்கள்: “இதை நெய்தவர் முப்பது வருடமாகத் தறியில் இருக்கிறார். அவருடைய கைவண்ணத்தில்...”

தமிழில் இந்த வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. மரியாதை இருக்கிறது, இலக்கணம் சரியாக இருக்கிறது. ஆனால் நெய்தவர் ஆணா பெண்ணா என்று அது சொல்லவில்லை. சொல்லாதது தெரியாமலேயே படித்துவிட்டுப் போய்விடுவோம். ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்தை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். இரண்டாவது வாக்கியத்தில் ஹிஸ் அல்லது ஹெர் வந்து நின்றுவிடும். விற்பவரிடம் போன் போட்டுக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “இதுல என்ன சார் சந்தேகம்? ஹீன்னு போடுங்க.”

மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1959-ல் மொழிபெயர்ப்பு பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். எந்த மொழியிலும் எதையும் சொல்லிவிட முடியும். எதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. எழுத்துத் தமிழ் நம்மைக் கட்டாயப்படுத்திக் கேட்பது, இந்த ஆளுக்கு எவ்வளவு மரியாதை என்று. அவனா, அவரா? ஆங்கிலம் கேட்பது, இந்த ஆள் ஆணா பெண்ணா என்று. ஒரு மொழியில் வளர்ந்தவருக்கு இன்னொரு மொழியின் கேள்வி அநாவசியமாகத் தோன்றும். அநாவசியமாகத் தோன்றும் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவோம். ‘ஹீ’ அப்படித்தான் வருகிறது.

ஹீ என்பது பொதுச்சொல், அதில் பெண்ணும் அடக்கம் என்று ஒரு வாதம் உண்டு. இந்தியச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், 13-ஆவது பிரிவு: ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும். அரசியலமைப்பில் குடியரசுத் தலைவருக்கு வரும் பிரதிப்பெயர் ஹீதான். பிரதிபா பாட்டீலும் திரௌபதி முர்முவும் அந்த ஹீயின் கீழ்தான் பதவி ஏற்றார்கள். அதனால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்கலாம்.

1916-ல் ரெஜினா குஹாவுக்கு என்ன குறைந்தது என்று பார்க்கலாம். சட்டம் படித்துத் தேறியவர். வக்கீலாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். வக்கீல்களுக்கான 1879-ஆம் ஆண்டுச் சட்டம் ஹீ என்றே எழுதப்பட்டிருந்தது. ஹீயில் ஷீயும் அடக்கம் என்ற விதி அப்போதும் உண்டு. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பெண்களை மனதில் வைத்து எழுதவில்லை, எனவே இங்கே அந்த விதி பொருந்தாது என்று விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். 1921-ல் பாட்னா உயர்நீதிமன்றத்தில் சுதான்ஷு பாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில்தான். 1923-ல் பெண்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்த பிறகுதான் கதவு முழுதாகத் திறந்தது. வரி கட்டு, தண்டனை அனுபவி என்று சொல்லும்போது ஹீக்குள் பெண் இருக்கிறாள். தொழில், உரிமை என்று வரும்போது அவளைக் காணோம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லின் பொருள் முடிவு செய்யவில்லை. படிக்கிறவரின் கற்பனை முடிவு செய்தது. அட்டையில் ஹீ என்று படிக்கும் பெங்களூர் வாடிக்கையாளர் மீசை வைத்த ஒருவரைத்தான் மனதில் பார்ப்பார். சட்டப்பிரிவு 13-ஐ யாரும் நினைத்துக்கொண்டு சேலை வாங்குவதில்லை.

இந்தியாவில் கைத்தறியில் இருப்பவர்கள் யார்? 2019-20-இல் முடிந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களுமாக 35 லட்சத்துக்கு மேல். அதில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஊருக்கு ஊர் இது மாறும். வடகிழக்கு மாநிலங்களில் பெண்களே பெரும்பாலும் நெய்கிறார்கள், இங்கே அப்படி இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் தறி இருக்கும் எந்த வீட்டுக்குள் போனாலும் பெண் கை படாத பாவு ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது.

அதனால் நான் போய்க் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். சேவூர்ப் பக்கம் ஒரு வீடு. குழித்தறி. அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன்: “இத யாருக்கா நெய்யறது?”

“அவருதாம்பா. நான் இன்னா, சும்மா கூட இருந்து போடுறேன்.”

அவர் வாயாலேயே ஹீ வந்துவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கப் பெண்கள் பலருக்கு ‘அவரு’ என்பது பிரதிப்பெயரே இல்லை. பெயர் சொல்லக்கூடாத ஒருவருக்கான பெயர் அது. அதே வீட்டில் கணவர் மனைவியைக் குறிப்பது ‘அவ’. ஹீ, ஷீ என்று மாற்றி எழுதினால் இருவரும் சமமாகிவிடுவார்கள். அந்த ஏற்றத்தாழ்வு ஆங்கிலத்தில் காணாமல் போய்விடும். அது இன்னொரு பொய்.

சரி, கேள்வியை மாற்றிக் கேட்டேன். “நேத்து காலைல இருந்து இன்னா இன்னா பண்ணீங்க, வரிசையா சொல்லுங்க.”

சொன்னார். விடிகாலையில் தார் சுற்றியது. அறுந்த இழைகளை முடிந்தது. அவர் சரிகை வாங்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார், அதனால் பத்து மணியிலிருந்து இவரே தறியில் இறங்கினார். மதியம் அவர் வந்து உட்கார்ந்ததும் இவர் பக்கத்தில் நின்று கரைக்கு நாடா போட்டார். சாயங்காலம் சோறு வடித்துவிட்டு மறுபடியும் ஒரு மணி நேரம்.

“அப்ப நெய்தது யாருக்கா?”

கொஞ்சம் யோசித்தார். “ரெண்டு பேருந்தான். ஆனா தறி அவரோடது.”

எனக்கு இதில் ஒரு நெருடல் இருந்தது. ஒரு பெண் ‘அவருதான் நெய்யறாரு’ என்று சொல்கிறார். அதை நான் ஏற்காமல் குடைந்து குடைந்து கேட்கிறேன். வேறு ஓர் இடத்தில் இதையே செய்தால் அநாகரிகம் என்று நானே சொல்வேன். ஒரு திருநங்கை தன்னை ஷீ என்று எழுதச் சொன்னால், ஒருவர் தன்னைத் தே என்று எழுதச் சொன்னால், அதற்கு மேல் விசாரணை கிடையாது. 2014-ல் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையை அங்கீகரித்தது. பழைய இலக்கணத்தில் இந்த இடம் எவ்வளவு தடுமாறியது என்றும் நமக்குத் தெரியும். தொல்காப்பியம் பேடிக்குத் தனி ஈறு இல்லை, உயர்திணைப் பால் ஈறுகளே வரும் என்றது. பின்னால் வந்த நன்னூல், அஃறிணை போலச் சொல்வதற்கும் ஒரு வழி விட்டுவைத்தது. மனிதரை ‘அது’ ஆக்கும் வழி. 2022-ல் தமிழ்நாடு அரசு பால் புதுமையரைக் குறிக்கும் சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட வேண்டி வந்ததற்குப் பின்னால் அத்தனை நூற்றாண்டுகள் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒருவர் சொல்லை அப்படியே ஏற்கிறேன், இன்னொருவர் சொல்லைத் துருவுகிறேன். இது என்ன நியாயம்?

யோசித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு கேள்விகள். ‘நான் யார்’ என்பதற்குச் சொல்கிறவரே சாட்சி, அவரே நீதிபதி. வெளியிலிருந்து திருத்த யாருக்கும் உரிமை இல்லை. ‘யார் இந்த வேலையைச் செய்தது’ என்பது அப்படியில்லை. அதற்குத் தறி சாட்சி, நேரம் சாட்சி, கையில் இருக்கும் காய்ப்பு சாட்சி. சேவூர் அக்கா தன்னைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. தன் வேலைக்கு ‘உதவி’ என்று வீடு வைத்த பெயரைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். முதல் கேள்வியில் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் இன்னொரு முறை கேட்க வேண்டும். பிரதிப்பெயர் விஷயத்தில் இன்று நடக்கும் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் தே என்று போட்டுவிட்டுப் போகலாமே? இலக்கணம் தடுக்காது. ஒருமைத் தே ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. 2019-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதைத்தான் அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது. நமக்கும் அது புதிதல்ல. பேச்சில் டீச்சரைப் பற்றி ‘அவங்க வந்தாங்க’ என்கிறோம். ஒருத்தர்தான், ஆனால் சொல் பன்மை. ‘அவர்’ என்பதே முதலில் பலர்பால்தான். தனக்குத் தே வேண்டும் என்று கேட்பவருக்கு அதை எழுதுவதில் ஒரு தமிழருக்குச் சிரமமே இருக்கக்கூடாது. ஆனால் சேலை அட்டையில் தே போட்டால், அந்த இருவரும் மறுபடி ஒரு மூட்டைக்குள் போய்விடுவார்கள். யார் எதைச் செய்தார் என்பது மறுபடி தெரியாமல் போகும். நாகரிகமான சொல் எல்லா இடத்திலும் நேர்மையான சொல்லாக இருப்பதில்லை. அதனால் நான் இரண்டு வாக்கியம் எழுதினேன். ஒன்றில் ஷீ, ஒன்றில் ஹீ. அட்டையில் ஒரு வரி கூடியது. விற்பவர் இடம் போதாது என்றார். எழுத்தின் அளவைக் குறைத்தால் போதும் என்றேன்.

ஷீ போட்டுவிட்டால் நீதி கிடைத்துவிட்டது என்றும் நான் நினைக்கவில்லை. 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பாலினத்தவரானாலும் ஷீ என்றே எழுதியது. நல்ல விஷயம். அதனால் எந்தப் பெண்ணின் தரவும் கூடுதலாகப் பத்திரமாகிவிடாது. சேவூர் அக்காவுக்கும் அட்டையால் கூலி ஏறவில்லை. பிரதிப்பெயர் செய்யக்கூடியது சின்ன வேலை. ஆளைக் கணக்கில் சேர்க்கும். ஆனால் கணக்கில் இல்லாதவர் கூலி கேட்க முடியாது என்பதால் அந்தச் சின்ன வேலையும் தேவைப்படுகிறது.

எதிர்த்திசையிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் கேட்காத கேள்வியால் நாம் இழப்பதும் உண்டு. தலை நரைத்த ஒருவரை, சாதியில் மேலே இருப்பதாக நினைக்கும் ஒரு பையன் ‘நீ வாடா’ என்கிறான். அவமானம் முழுவதும் அந்த ‘நீ’யிலும் ‘டா’விலும் இருக்கிறது. உயர்நீதிமன்றத்துக்கு ஆங்கிலமாகப் போகும்போது ‘யூ கம்’ என்று ஆகிவிட்டால் அங்கே ஒரு குற்றமும் தெரியாது. யூ எல்லோருக்கும் சமம் என்று ஆங்கிலத்தைப் புகழ்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் என்னை இன்னும் விடாமல் இருப்பது ஹீயும் ஷீயும் அல்ல, வீ. எல்லா அட்டையிலும் கடைசி வரி வீ என்று தொடங்கும். நாங்கள் மூன்று தலைமுறையாக நெய்கிறோம், நாங்கள் இந்தக் கலையைக் காக்கிறோம். தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே, ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. அரசியலமைப்பின் முகப்புரையைத் தமிழாக்கியவர்கள் வீக்கு ‘நாம்’ என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லால் படிக்கிறவர் ஒவ்வொருவரும் குடிமக்களில் ஒருவர் ஆகிவிடுகிறார். ஆங்கில வீயில் இந்தக் கோடு கிடையாது. விற்கிறவர், நூல் கொடுத்த முதலாளி, கூலிக்கு நெய்கிறவர், தார் சுற்றுகிறவர் எல்லோரும் இருப்பது போலவும் இருக்கும், யாரும் இல்லாதது போலவும் இருக்கும்.

போன மாதம் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன்: “இந்த வீ, நாமா நாங்களா?” புரியாமல் பார்த்தார். வேறு மாதிரி கேட்டேன். “நெய்யறவங்க முன்னாடி இந்த வரியத் தமிழ்ல சத்தமா படிப்பீங்களா?” அவர் பதில் சொல்லவில்லை. அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு, மிச்சம் அப்படியே இருக்கட்டும் என்றார்.