சந்நிதியில் கழற்றாத சட்டை

சில வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போயிருந்தபோது, ஆடவர் மேற்சட்டையைக் களைந்த பிறகே உள்ளே செல்லவேண்டும் என்ற அக்கோயிலின் வழக்கப்படி நாங்களெல்லாம் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டிருக்க, சற்றுமுன் கடலில் முழுக்குப் போட்டபோதும் பனியனை விடாதிருந்த என் பதினான்கு வயதுப் பேரன் மட்டும், "நீங்க போயிட்டு வாங்க தாத்தா, செருப்பை நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு தூணோரமாக உட்கார்ந்துவிட்டான். அவன் தகப்பன் அதை நாஸ்திகம் என்று எடுத்துக்கொண்டு சினந்தான். எனக்கும் அப்போது வேறு காரணம் தோன்றவில்லை. ஊர் திரும்பிய பிறகே, வகுப்பில் அவனை ஒரு பெண்பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதும், அதற்குக் காரணம் அவன் மார்பில் எழுந்திருந்த சிறு மேடு என்பதும் பாட்டியின் வழியாக எங்களுக்குத் தெரிந்தன.

வைத்தியர்கள் இதைக் கைனகோமாஸ்டியா என்பார்கள். பெண், மார்பு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்கள் கூடிய பெயர். யௌவனம் அரும்பும் பருவத்தில், பெரும்பாலும் 13, 14 வயதில், எத்தனையோ பிள்ளைகளுக்கு இது ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலோ தோன்றி, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் பெரும்பாலோருக்குத் தானே வடிந்துவிடுகிறது. இதில் என்னைச் சிந்திக்க வைத்தது இதன் காரணமே. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்புநீர் ஆணின் தேகத்துக்கு அந்நியமான வஸ்து அன்று. ஆண்மைக்கு ஆதாரமான டெஸ்டோஸ்டீரோனையே அரோமட்டேஸ் என்னும் நொதி கொழுப்புத் திசுவிலும் பிறவிடங்களிலும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. இவ்விரண்டின் விகிதம் சிறிது காலம் சாய்ந்து நிற்பதே அந்த மேட்டின் மூலம். அதற்கு இடம் கொடுக்கும் மார்புக் காம்போ, கருவில் ஆண்மைச் சுரப்புநீர் சுரக்கத் தொடங்கு முன்பே உருவாகிவிடுவது. ஆண் என்றும் பெண் என்றும் கிழித்த கோட்டை நாம் நினைக்கிற அளவுக்குச் சரீரம் மதிப்பதாகத் தெரியவில்லை.

நாங்கள் அழைத்துச் சென்ற வைத்தியர் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோக்கச் சொல்லி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் இரு பக்கத்திலிருந்தும் காம்பை நோக்கி மெல்ல நகர்த்திப் பார்த்தார். காம்பின் அடியில் வட்டமாக, ரப்பர் போன்ற பிடிப்போடு தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. விரலுக்கு எதுவும் தடுக்காமல் மெத்தென்று போனால் வெறும் கொழுப்பு. மையத்தை விட்டு ஒதுங்கிக் கல்லைப்போல் இருந்தாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ புற்றுநோயைச் சந்தேகிக்கவேண்டும். அது இவ்வயதில் மிக அபூர்வம். என்னென்ன மருந்து சாப்பிடுகிறான் என்று விசாரித்தார். ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும், உடற்பயிற்சிக்கூடங்களில் சிலர் ரகசியமாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகளும் இதே விளைவைத் தருமாம். விதைகளையும் சோதித்தார், பையன் கூசிக் குறுகினான். விதையில் எழும் கட்டியும், 1942-இல் க்ளைன்ஃபெல்டர் முதலியோர் விவரித்த பிறவிக்குறையும் மார்பில்தான் முதலில் தலைகாட்டக்கூடும் என்பதால், அந்தச் சோதனையைக் கூச்சத்துக்கு அஞ்சி விட்டுவிடுகிற வைத்தியர் பாதி வைத்தியர்தான். முடிவில், "ஒண்ணுமில்லை, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

வடியாவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் விவாதம் எழுந்தது. புதிதாய் வலியோடு வீங்கும் நிலையில் டாமாக்ஸிஃபென் மாத்திரை சிலருக்குப் பயன்படுகிறது. ஒரு வருஷம் கடந்து திசு நாராய் இறுகிய பிறகு மாத்திரையால் பெரிய லாபமில்லை. வளர்ச்சி நின்றபின்னும் குறையாதவர்களுக்கு, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பில் பிறைபோல் கீறி, காம்பு குழிந்துவிடாதபடி அடியில் சிறிது மட்டும் விட்டுவிட்டுச் சுரப்பியை எடுத்து, கொழுப்பை உறிஞ்சிவிடும் ரணசிகிச்சை உண்டு. "ஆண்டவன் கொடுத்த உடம்பிலே கத்தி வைக்கலாமா?" என்று என் தமக்கை கேட்டாள். பேரப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்னின்று காது குத்தி வைத்தவள் அவள்! சரீரத்தை, விடியும்வரை வழிகாட்ட உயிருக்குக் கொடுத்த விளக்கு என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். விளக்கென்றால் திரியைத் தூண்டவும் கரியைத் தட்டவும் வேண்டியிருக்கும், அதில் தெய்வாபசாரம் ஒன்றுமில்லை.

என் சந்தேகம் வேறு. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவைச் சேர்ந்த பவுலுஸ் என்னும் கிரேக்க வைத்தியர் இந்த ரணசிகிச்சையை விவரித்தபோது, அதைச் செய்வதற்கு அவர் சொன்ன காரணம் வலியன்று. பெண்தன்மை என்ற பழிச்சொல். நோய் ஊராரின் நாவிலும் கத்தி பிள்ளையின் மார்பிலும் இருப்பது எந்த நியாயம்? ஆயினும் பழிச்சொல்லால் உண்டாகும் துக்கம் பொய்யான துக்கம் அன்று. கூனிக்கொண்டே நடந்து முதுகு வளைந்துபோகிற ஒரு பிள்ளையிடம், தேகாபிமானத்தை விடு என்று உபதேசிக்க, மார்பில் யாதொரு குறையுமில்லாத எனக்கு என்ன அதிகாரம்? ஆகவே, வயது வந்து, காத்திருந்து பார்த்து, கேலி செய்தவர்களெல்லாம் கலைந்துபோன பிறகும் அவனே வேண்டுமென்றால் செய்யலாம். அதற்குமுன் தகப்பனின் மானத்துக்காகச் செய்வது கூடாது என்று நான் சொன்னேன். அவன் தகப்பன் இதை இன்னமும் முழுக்க ஒப்பவில்லை.

திருச்செங்கோட்டு மலைமேல் ஒரு பாகம் பெண்ணாகவே நிற்கிற மூர்த்தியைத் தரிசித்து, அதே தெய்வம் திருச்சிராப்பள்ளியில் வெள்ளத்தால் வரமுடியாத தாயின் வடிவமெடுத்து இரத்தினாவதிக்குப் பிரசவம் பார்த்துத் தாயுமானவர் என்று பெயர் பெற்ற கதையைக் கண்ணீரோடு கேட்கிற நாம், நம் வீட்டுப் பிள்ளையின் நெஞ்சில் இரண்டு அங்குல மேட்டைக் கண்டு பதறியதை நினைத்தால் எனக்கே லஜ்ஜையாக இருக்கிறது. இதை அவனிடமும் சொல்லிப் பார்த்தேன். "சாமியை யாரும் கிளாஸ்ல கேலி பண்றதில்லையே தாத்தா" என்றான். பதில் தோன்றவில்லை.

இப்போது வலப்பக்கம் வடிந்துவிட்டது. இடப்பக்கம் இன்னும் சற்று மிச்சம். வருகிற வைகாசி விசாகத்துக்கு மறுபடியும் திருச்செந்தூர் போவதாக ஏற்பாடு. வருகிறாயா என்றதற்கு, வருகிறேன் என்றான். உள்ளே வருவாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டி மட்டும் பெட்டியில் அகலமான ஈரிழைத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறாள்.